நாய் வாங்காத பிஸ்கட்

அந்தச் சனிக்கிழமை நடந்தவை, என் நோட்டில் இருக்கும் வரிசைப்படி:

1. மூன்று மணிக்கு நாய் வந்தது. குளித்திருந்தது, நகம் வெட்டியிருந்தது. பாதங்களை ஈரத்துணியால் துடைத்த பிறகு குழந்தைகள் வார்டுக்குள் விட்டோம்.
2. நாயைப் பார்க்கிறேன் என்று சொன்ன குழந்தைகள் ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு பிஸ்கட்.
3. முதல் நான்கு பேரிடமும் நாய் வாங்கித் தின்றது.
4. ஐந்தாவது, ஜன்னலோரப் படுக்கையில் இருந்த எட்டு வயதுச் சிறுமி. உள்ளங்கையை விரித்து அதன்மேல் பிஸ்கட்டை வைத்து நீட்டினாள். நாய் முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.
5. மறுபடி நீட்டினாள். மறுபடி திருப்பிக்கொண்டது.
6. நாயை வளர்க்கும் அக்கா அதே பிஸ்கட்டை அவளிடமிருந்து வாங்கி நீட்டினார். உடனே தின்றது.
7. சிறுமி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.
8. நான் எழுதியது: “வாங்கவில்லை. காரணம் தெரியவில்லை.”

எட்டாவது வரி எனக்குப் பிடிக்கவில்லை. என் நோட்டில் “தெரியவில்லை” என்ற சொல் அதிகம் வராது. தெரியாததைத் தெரிந்துகொள்ளும் வரை அந்த இடத்தைக் காலியாக விடுவது என் வழக்கம். அன்று ஏனோ எழுதிவிட்டேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். திருத்தணியில் ஒரு சிறிய மருத்துவமனையில் மூன்று வருடமாக வேலை. கே.ஜி.கண்டிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். எலும்பு முறிவு, பக்கவாதம், கழுத்துவலி என்று பெரியவர்களே அதிகம். குழந்தைகள் வார்டில் என் வேலை குறைவுதான். ஆனால் நாய் வரும் ஏற்பாடு தொடங்கியபோது அதற்கான விதிகளை எழுதித் தரச் சொல்லி குழந்தை மருத்துவர் என்னிடம் விட்டார். “லிஸ்ட்டு போடறதுன்னா உங்களுக்கு நாஸ்டா சாப்பிடற மாதிரி, நீங்களே பாத்துக்கங்க” என்றார்.

நாய் வந்த கதை சுருக்கமானது. பள்ளிப்பட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அக்காவின் மகள், போன வருடம் காய்ச்சலில் எங்கள் வார்டில் பத்து நாள் இருந்தாள். சாப்பிட மாட்டேன், பேச மாட்டேன், நாய் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் அந்த அக்கா தோப்பு நாயை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிவந்து, வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். எழுந்து உட்கார்ந்தது அவர் மகள் மட்டும் இல்லை. பக்கத்துப் படுக்கைகளில் இருந்த எல்லாக் குழந்தைகளும் எழுந்து உட்கார்ந்தன. மருத்துவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த இரண்டு மாதத்தில் நாய் சென்னைக்குப் போய் ஒரு பயிற்சியாளரிடம் பழகி, சோதனையில் தேறி, தடுப்பூசிச் சீட்டோடு திரும்பிவந்தது.

வெளிர் பழுப்பு நிறம். அம்மா நாட்டு நாய், அப்பா யாரோ சென்னையிலிருந்து கொண்டுவந்த லாப்ரடார். காது ஒன்று நிற்கும், ஒன்று மடிந்திருக்கும். அந்த அக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு, அதனால் நாய்க்கும் தெலுங்குதான். “கூச்சோ” என்றால் உட்காரும், “ஆகு” என்றால் நிற்கும், “தீஸ்கோ” என்றால் நீட்டியதை வாங்கும். வார்டில் மூன்று வயதுக் குழந்தைகூட ஒரே வாரத்தில் இந்த மூன்றையும் கற்றுக்கொண்டு, ஊசி போட வந்த சிஸ்டரைப் பார்த்து “ஆகு” என்றது.

என் விதிகள் பதினொன்று. ஆறாத புண் உள்ள குழந்தைக்கு நாய் கிடையாது, காய்ச்சல் இருந்தால் கிடையாது, குழந்தை தானே சரி என்று சொல்ல வேண்டும், முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், பிஸ்கட்டை விரல்களால் பிடித்து நீட்டாமல் விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும், இப்படி. கடைசியாகச் சொன்ன விதி விரலில் பல் படாமல் இருப்பதற்காக. இந்தக் கதையில் அதற்கு வேறொரு வேலை வந்தது.

இப்போது அந்தச் சிறுமி.

அம்மையார்குப்பத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் பவர்லூம் ஓட்டுகிறவர்கள். ஓடிக்கொண்டிருந்த தறிக்கு அடியில் உருண்டுபோன பந்தை எடுக்கப் போய், பெல்ட்டில் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்தன. ஊரில் நரம்பு என்பார்கள். சென்னையில் அறுவை செய்து சேர்த்துத் தைத்தார்கள். தையல் நன்றாகவே பிடித்தது. அதற்குப் பிறகுதான் சிக்கல். தைத்த தசைநாண் பக்கத்துத் தசையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க விரல்களை ஒவ்வொரு நாளும் அசைக்க வேண்டும். அவள் அசைக்கவில்லை. அம்மையார்குப்பத்திலிருந்து தினமும் கூட்டிவர அம்மாவால் முடியவில்லை என்பதால் வார்டிலேயே சேர்த்து வைத்திருந்தோம். கை, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்த மாதிரியே வளைந்து நின்றுபோயிருந்தது. முழுதாக மடங்காது, முழுதாக விரியாது.

சென்னை மருத்துவர் ஒரு மாதம் தந்திருந்தார். அதற்குள் விரல்கள் அசையாவிட்டால் கையை மறுபடி திறந்து, ஒட்டியதைப் பிரிக்க வேண்டும் என்றார். அதில் தசைநாண் மறுபடி அறுந்துபோகும் அபாயமும் உண்டு. அதை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னார். ஆனால் எட்டு வயதுப் பெண் பக்கத்தில் நிற்கும்போது அம்மாவிடம் மட்டும் சொல்வது என்று ஒன்று இல்லை.

ஒரு மாதத்தில் பத்து நாள் போயிருந்தது. மெழுகு ஒத்தடம் கொடுப்பேன், கையை இழுத்துக்கொள்வாள். களிமண் பிசையச் சொல்வேன். இடது கையால் பிசைவாள். சாப்பிடுவது இடது கையில் ஸ்பூனால். வலது கை எப்போதும் பாவாடை மடிப்புக்குள்ளோ போர்வைக்குள்ளோ இருக்கும். என் குறிப்பில் நான் எழுதியிருந்தது: “ஒத்துழைப்பு குறைவு.” நாய் வரட்டும் என்று அவளே கேட்டபோது எனக்கு ஆச்சரியம். புண் முழுவதும் ஆறியிருந்தது. மற்ற விதிகளையும் சரிபார்த்துச் சேர்த்துக்கொண்டேன்.

அவள் போர்வைக்குள் போன பிறகு அவள் அம்மா எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “நாயி கூட வேணாம்னுடுச்சி.”

நாயின் அக்காவுக்கு முகமே வாடிவிட்டது. “அய்யோ, அப்படில்லாம் இல்லம்மா. அதுக்கு வயிறு ரொம்பிப் போச்சு போல” என்றார். என் நோட்டின் ஆறாவது வரியில் இருப்பதை, அவர் நீட்டியதும் அது தின்றதை, எல்லோரும் பார்த்திருந்தோம். வயிறு நிரம்பவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து, நாய் வாங்காததற்கு இருக்கக்கூடிய காரணங்களை எழுதினேன். அவளிடம் இருந்து மற்ற நான்கு குழந்தைகளிடம் இல்லாதது எது என்பதுதான் கேள்வி.

அ. தழும்பில் தடவும் களிம்பின் வாசனை.
ஆ. மெழுகு ஒத்தடத்தின் வாசனை.
இ. விரல்களை நேராக வைக்க இரவில் கட்டும் பிளாஸ்டிக் அச்சு. நாய்க்குப் பிளாஸ்டிக் பிடிக்காமல் இருக்கலாம்.
ஈ. தலையணைக்கு அடியில் அம்மா வைத்திருக்கும் விபூதிப் பொட்டலம், கற்பூரம்.
உ. பயம். குழந்தை பயந்தால் நாய்க்குத் தெரியும் என்கிறார்கள்.

ஐந்தாவதை எப்படிச் சோதிப்பது என்று தெரியவில்லை. மற்ற நான்கையும் சோதிக்கலாம். அந்த அக்காவுக்குப் போன் செய்தேன்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம தானே? வாங்க” என்றார். “நைனாவும் கீறாரு. மதியம் இங்கயே சாப்புட்டுப் போலாம். ஆனா நாய சோதிக்கறதுக்குன்னு யாரும் பள்ளிப்பட்டு வந்ததில்ல, சொல்லிட்டேன்.”

ஒரு பையில் களிம்பு, ஒரு துண்டு மெழுகு, பழைய அச்சு ஒன்று, கொஞ்சம் விபூதி, கற்பூரம், ஒரு பாக்கெட் பிஸ்கட். பஸ் நிலையத்தில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். தோப்பில் நாய் வேறு ஆளாக இருந்தது. மருத்துவமனைக்கு வரும்போது ஒரு நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வேலைக்கு வந்த மாதிரி நடக்கும். இங்கே சட்டை இல்லை. மண்ணில் புரண்டு எழுந்து ஓடிவந்து என் பையை முகர்ந்தது.

களிம்பைக் கையில் தடவிக்கொண்டு பிஸ்கட்டை நீட்டினேன். வாங்கியது. கழுவிவிட்டு மெழுகு. வாங்கியது. அச்சைக் கையில் மாட்டிக்கொண்டு. வாங்கியது. விபூதி, கற்பூரம். வாங்கி, தும்மியது. ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை. ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். தோப்பின் ஓரத்தில் கட்டிலில் உட்கார்ந்து அந்த அக்காவின் அப்பா, அவர் சொன்ன நைனா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு பரீட்ச எழுதுதா, நாய்க்கு பரீட்ச வெக்குதா?” என்று மகளிடம் கேட்டார்.

“ரெண்டும்தான் நைனா. நீ சும்மா இரு.”

கடைசிக் கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா வலது கையில். பிஸ்கட் ஒன்று மீதி இருந்தது. நாய் காத்துக்கொண்டிருந்தது. நிமிராமலே, எழுதிக்கொண்டே, மற்ற கையால் பிஸ்கட்டை நீட்டினேன்.

கையில் நாயின் மூக்கு படவில்லை. நிமிர்ந்தேன். முகர்ந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரப் படுக்கைக்கு முன்னால் உட்கார்ந்த அதே மாதிரி. மடிந்த காதுகூட அதே பக்கம்.

“இது ஏன்?” என்றேன்.

அந்த அக்கா சிரித்தார். “அய்ய, பீச்சாங்கையில குடுத்தா அது எப்படி வாங்கும்?”

சொன்ன வாய் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பாப்பா பீச்சாங்கையிலயா குடுத்துச்சு?” என்றார் மெதுவாக. “நான் கையப் பாக்கலியே. மொகத்தத்தான் பாத்துகினு இருந்தேன்.”

நானும் பார்க்கவில்லை. பத்து நாளாக அவள் எல்லாவற்றையும் இடது கையால் செய்வதைப் பார்த்துப் பார்த்து, அது எனக்கு இடது கையாகத் தெரிவதே நின்றுபோயிருந்தது. நல்ல கை, அவ்வளவுதான்.

நைனா கட்டிலிலிருந்தே விளக்கம் சொன்னார். குட்டியாக இருந்தபோது அவர் பழக்கியது. வலது கையால் போட்டால் சோறு. இடது கையில் இருப்பது சோறு இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள். தோப்புக்கு வருகிறவன் போகிறவன் எதையாவது போட்டால் தின்றுவிடக் கூடாது என்பதற்காக என்றார்.

“வர்றவன் சோத்தாங்கையிலயே போட்டா இன்னா நைனா பண்ணும்?” என்று மகள் கேட்டார்.

அவர் யோசித்தார். “தின்னும்” என்றார். பிறகு கொஞ்சம் கோபமாக, “பீச்சாங்கையில குடுக்கறத மனுசனே வாங்க மாட்டான். நாயி மட்டும் வாங்கணுமா?”

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரு கேள்விதான். இத்தனை மாதமாக இது எப்படித் தெரியாமல் போனது? சென்னைச் சோதனைத் தாளை அந்த அக்காவிடம் வாங்கி வந்திருந்தேன். பாத்திரம் விழும் சத்தம், ஊன்றுகோலோடு நடந்து வருகிறவர், காதைப் பிடித்து இழுக்கும் குழந்தை, சக்கர நாற்காலி என்று எல்லாவற்றையும் நாய்க்கு முன்னால் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இடது கை பிஸ்கட் என்று ஒரு வரி இல்லை. என் பதினொரு விதிகளிலும் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் யாரும் கொடுப்பதில்லை.

ஆனால் வார்டில் பாதிக் குழந்தைகளுக்குக் கையில் டிரிப் ஊசி இருக்குமே? திங்கட்கிழமை காலை சிஸ்டரிடம் கேட்டேன். பதினைந்து வருடமாக அந்த வார்டில் இருப்பவர். இது ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தார்.

“எப்பவும் லெஃப்ட் கையிலதான் போடுவோம். சோத்தாங்கையில போட்டா புள்ளைங்க எப்படிச் சாப்புடும்?”

அதுதான். குழந்தைகள் சோறு சாப்பிட வசதியாக சிஸ்டர் வலது கையை விட்டுவைத்தார். அதனால் எல்லாக் குழந்தைகளும் வலது கையாலேயே கொடுத்தார்கள். வலது கையை நீட்ட முடியாமல் வந்த முதல் குழந்தை இவள்தான்.

இதைச் சிறுமியின் அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

“அதுக்கிட்ட சொல்லிடாதீங்க மேடம்.”

“ஏங்க?”

“மலைக் கோயிலுக்குப் போயிருந்தோம், கட்டு பிரிச்ச புதுசுல. கை நல்லாவணும்னு. அய்யர் விபூதி குடுத்தாரு. இது பீச்சாங்கைய நீட்டிடுச்சி. அவரு ஒண்ணும் சொல்லல. பின்னால நின்னுகினு இருந்த ஒரு அம்மாதான், சாமி முன்னாடி எந்தக் கைய நீட்டறதுன்னு கூடவா சொல்லித் தரலன்னு கத்திட்டாங்க. க்யூவே திரும்பிப் பாத்துச்சி. இது அந்தக் கைய நீட்டவா இந்தக் கைய நீட்டவான்னு தெரியாம ரெண்டத்தையும் பின்னால கட்டிகிச்சி. அன்னிலருந்துதான் கைய வெளியவே எடுக்கறதில்ல. இப்ப நாயும் அதத்தான் சொல்லுச்சின்னு தெரிஞ்சா…”

நான் அவள் குறிப்பேட்டைத் திறந்து “ஒத்துழைப்பு குறைவு” என்ற வரியை அடித்தேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று அப்போது தெரியவில்லை. இந்த முறை காலியாகவே விட்டேன்.

சொல்லாமல் இருந்தால் சரியாகிவிடுமா என்பதையும் பார்க்க வேண்டுமே. அன்று ஒத்தடம் கொடுக்கும்போது சிறுமியிடம் கேட்டேன்.

“சனிக்கிழமை நாய் ஏன் உங்கிட்ட வாங்கலன்னு நெனைக்கிற?”

கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, “அதுக்குத் தெரிஞ்சிடுச்சிக்கா” என்றாள்.

“என்ன தெரிஞ்சிடுச்சி?”

“உள்ள இருக்கற கை. மோந்து கண்டுபிடிச்சிடுச்சி.”

போர்வைக்குள் மறைத்துவைத்த கெட்ட கையை நாய் முகர்ந்து கண்டுபிடித்துவிட்டது. அதனால் அவளையே வேண்டாம் என்றுவிட்டது. இதுதான் அவள் முடிவு. சொல்லாமல் விட்டதற்குக் கிடைத்த பதில், சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட மோசமாக இருந்தது. இதை அவள் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டார்.

“நான் சொல்லப்போறதில்லைங்க. அவளே கண்டுபிடிக்கட்டும்.”

இதற்கிடையில் நாயின் அக்கா போன் செய்து, பத்து நாள் கொடுத்தால் இடது கையிலும் வாங்கப் பழக்கிவிடுவதாகச் சொன்னார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். எனக்கு இது சரியா தவறா என்று நிச்சயமில்லை. எட்டு வயதுக் குழந்தையின் ஆசையை வைத்து அவள் கையை வெளியே வரவைப்பது ஒருவகைப் பேரம்தான். மருத்துவரிடம் கேட்டேன். “அவ கைய எடுக்கலன்னா பிஸ்கட்ட தட்டுல வெச்சி குடுத்துடணும். கட்டாயப்படுத்தக் கூடாது. ஒத்துக்கறீங்களா?” என்றார். ஒத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது விதியாக எழுதிவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நாய் வருவதற்கு முன் அவள் மடியில் என் நோட்டை வைத்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தேன். மேலே “யார்”, “இந்தக் கை”, “அந்தக் கை”. எந்தக் கை எது என்பதைக் கையின் படம் வரைந்து காட்டியிருந்தேன்.

“நாய் போன வாரம் ஏன் அப்படிப் பண்ணுச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நீ ஆளுங்களக் கூப்பிட்டு, ரெண்டு கையிலயும் குடுக்கச் சொல்லு. வாங்கினா டிக், வாங்கலன்னா பெருக்கல். என்ன வருதுன்னு பாக்கலாம்.”

“யார வேணா கூப்புடலாமா?”

“யார வேணா.”

முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். இடது கையை நீட்டினேன். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. அவள் கண்கள் விரிந்தன. வலது கை. வாங்கியது. இடது கையால் பென்சில் பிடித்து ஒரு பெருக்கல், ஒரு டிக்.

அடுத்து சிஸ்டர். அவர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். “பீச்சாங்கையில நான் யாருக்கும் குடுத்ததில்லம்மா, என்ன உட்டுடு.”

“எழுதணும் சிஸ்டர்” என்றாள் கண்டிப்பாக. நாய் சிஸ்டரிடமும் திரும்பிக்கொண்டது. “பாத்தியா, மானம் போச்சு” என்றார்.

வாசல் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவரச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு நீட்டினார். நாய் திரும்பிக்கொண்டது. “தெனமும் இதுக்கு கேட்டு தொறந்து உடறேன் பாப்பா. அதுக்காவது வாங்கலாமில்ல” என்றார். வார்டு முழுக்கச் சிரிப்பு. மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்தார், அவரையும் விடவில்லை. இடது கை. பெருக்கல்.

“இவ்ளோ படிச்சும் இதானா மரியாத?” என்றார்.

“சோத்தாங்கையில குடுங்க சார்!” என்று நான்கு படுக்கைகளிலிருந்து ஒரே நேரத்தில் குரல் வந்தது.

கடைசியாக அம்மா. இடது: பெருக்கல். வலது: டிக். சிறுமி நோட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஒரு வரிசை முழுக்கப் பெருக்கல்.

“எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணுது” என்றாள்.

“ஆமா.”

“எனக்கு மட்டும் இல்ல.”

“இல்ல.”

தன் பெயரை எழுதிக்கொண்டாள். “இந்தக் கை” கட்டத்தில், போன வாரத்துக்காக, ஒரு பெருக்கல் போட்டாள். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. நாயின் அக்கா நாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“ஒரு கட்டம் காலியா கீது” என்று சிறுமியே சொன்னாள்.

போர்வைக்குள்ளிருந்து கை வந்தது. அம்மா பிஸ்கட்டை எடுத்து அதில் வைக்கப் போனார். “நானே” என்றாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றன. விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை உள்ளங்கைக்குள் போய்ச் சேர்ந்தது. விரிக்க முடியாத கை என்பதால் பிஸ்கட் ஒரு கிண்ணத்துக்குள் கிடப்பது போல் கிடந்தது. “தீஸ்கோ” என்றாள்.

நாய் மூக்கைக் கொண்டுவந்தது. விரல்கள் குறுக்கே இருந்தன. கடிக்கக் கூடாது என்று அதற்குத் தெரியும். மூக்கால் மெதுவாகத் தள்ளியது. நாக்கை விரல்களுக்கு நடுவே விட்டுத் துழாவியது. அவள் கத்துவாள் என்று நான் முன்னால் நகர்ந்தேன்.

“கூசுது, கூசுது” என்றாள், கையை இழுக்காமல். நாய் தள்ளத் தள்ள ஆள்காட்டி விரல் கொஞ்சம் பின்னால் போனது. என் கையால் இரண்டு வாரமாகப் போகாத தூரம் அது. பிஸ்கட் நொறுங்கியது. பாதியை நாய் தின்றது, பாதி போர்வையில் விழுந்தது.

“பாதிதான் வாங்குச்சி” என்று என்னைப் பார்த்தாள். “டிக்கா, பெருக்கலா?”

“நீதானே எழுதற.”

கொஞ்சம் யோசித்து, பாதி டிக் போட்டாள். கீழே இறங்கும் சின்னக் கோடு மட்டும்.

மீதிக் கோட்டுக்காகத்தான் அதற்குப் பிறகு எல்லாம் நடந்தது. கை தட்டையாக இருந்தால் பிஸ்கட் நொறுங்காது என்று அவளே முடிவு செய்தாள். தினமும் காலையில் கையை மேசையில் கவிழ்த்து வைத்து, கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். முதலில் பென்சில் டப்பா நுழைந்தது, பிறகு ரப்பர் மட்டும்தான். அழுகையும் இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. ஆனால் ஒத்தடத்தின்போது கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, பிஸ்கட் முழுதாகப் போனது. கோட்டை மேலே இழுத்து முடித்தாள்.

சென்னை மருத்துவர் பார்த்துவிட்டு, இப்போதைக்குத் திறக்க வேண்டாம், இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம், மரத்திலிருந்து விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு ஒரு குழந்தை வார்டில் சேர்ந்தது. நாய் இனி இடது கையிலும் வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆனது. நைனாவுக்கு அதில் விருப்பமில்லை; ஆனால் தடுக்கவில்லை. முதலில் யார் பழக்குவது என்று பேச்சு வந்தது. சிஸ்டர் முடியாது என்றார். நான் முயன்றேன், எனக்கே இடது கை இயல்பாக நீளவில்லை. அதற்குள் வார்டை விட்டு வீட்டுக்குப் போய், வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்த சிறுமி சொன்னாள்:

“நான் பழக்கறேன்கா. எனக்கு பீச்சாங்கையில நல்லா வரும்.”

இன்றைய நிலை: வலது கையை மேசையில் கவிழ்த்தால் ஆள்காட்டி விரல் முழுதாகப் படிகிறது. நடுவிரலுக்குக் கீழே இன்னும் ஒரு பென்சில் நுழைகிறது. சென்னைக்குப் போக ஐந்து வாரம் இருக்கிறது. மலைக்கு அவள் இன்னும் போகவில்லை, நானும் கேட்கவில்லை. இடது கையிலிருந்து நாய் இதுவரை நான்கு முறை வாங்கியிருக்கிறது, நான்கும் அவளிடமிருந்து. என்னிடமிருந்து ஒரு முறைகூட இல்லை.